கூரைச் சூரிய மின்சாரத்துக்கு மானியம்: கேள்வி பதில்

கேள்வி (திருச்சி): 3 கிலோவாட் அமைக்க எவ்வளவு மானியம் கிடைக்கும்? மானியத்தைக் கழித்த விலையைத்தான் நிறுவனத்தார் சொல்கிறார்கள்.

பதில்: 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில், முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் கிடைக்கும். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் அமைத்தாலும் உச்சவரம்பு அதுவே. இந்தப் பணம் நிறுவனத்துக்குப் போவதில்லை. மின் வாரியம் ஆய்வு செய்து, நெட் மீட்டர் (நீங்கள் வாங்கும் மின்சாரத்திலிருந்து வெளியே தருவதைக் கழிக்க உதவும் மீட்டர்) பொருத்தி, அமைப்பு இயங்கத் தொடங்கிய பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆகவே முழுத் தொகைக்கும் முதலில் நீங்கள்தான் வழி செய்ய வேண்டும். கழித்த விலையை வைத்து ஒப்பிடாதீர்கள். வரி உட்பட முழு விலையை எழுத்தில் வாங்கி, அதைக் கிலோவாட்டால் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி (வேலூர்): மின் இணைப்பு காலமான என் தந்தையார் பெயரில் இருக்கிறது. நான் விண்ணப்பிக்கலாமா?

பதில்: முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள்.

கேள்வி (கோவை): இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் ஆகிறது. மானியம் முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்று 3 கிலோவாட் அமைக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்தில் 240. அதை மட்டும் அமைத்தாலே உங்கள் கணக்கு 380 ஆகிவிடும். 500 யூனிட்டைத் தாண்டியவர்கள் இழக்கும் சலுகை விலையும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். 2 கிலோவாட் என்றால் 140 யூனிட்தான் மிஞ்சும். அதில் முதல் 100 எப்படியும் இலவசம். மூன்றாவது கிலோவாட்டுக்கு அரசு 18,000 கொடுத்தாலும் மீதி விலை உங்கள் கையிலிருந்துதான் போகிறது, அதற்கு ஈடாகக் குறைக்கப் பில்லில் பெரிதாக எதுவும் இருக்காது. ஏ.சி. வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் மறுபடி யோசிக்கலாம். இதே காரணத்தால், 200 யூனிட்டுக்குள் முடிக்கும் வீடுகளுக்கு மானியத்தோடும் இதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி (சேலம்): டி.சி.ஆர். (முழுதும் உள்நாட்டுத் தயாரிப்பு) பேனல் விலை கூடுதல். அதைத் தவிர்த்தால் மானியமே தேவைப்படாது என்கிறாரே எங்கள் ஒப்பந்ததாரர்?

பதில்: செல், பேனல் இரண்டும் இந்தியாவில் தயாரானால்தான் மானியம். வெளிநாட்டுச் செல்லை இங்கே கோத்த பேனலுக்கு அது கிடையாது. 3 கிலோவாட் வரை மானியமே லாபம்.

கேள்வி (ஈரோடு): சேலம் நண்பரின் ஒப்பந்ததாரர் சொல்வதே சரி. நான் 10 கிலோவாட்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டேன்.

பதில்: உங்கள் கணக்கு உங்கள் வீட்டுக்குச் சரியாக இருக்கலாம், ஏனெனில் மானியம் 78,000 ரூபாயில் நின்றுவிடுகிறது, டி.சி.ஆர். கூடுதல் விலையோ பத்துக் கிலோவாட்டுக்கும் ஏறுகிறது. ஆனால் அதைச் சிறிய வீட்டுக்காரரிடம் பொது விதியாகச் சொல்வது அவருக்கு நஷ்டத்தை உண்டாக்கும். இரண்டு வகைக்கும் வாட்டுக்கு என்ன விலை என்று கேட்டு, வித்தியாசத்தை மொத்த வாட்டால் பெருக்குங்கள்; வரும் தொகை மானியத்தைவிடக் குறைவானால் டி.சி.ஆர். வாங்குங்கள். சேலம் நண்பர் எத்தனை கிலோவாட் என்று சொல்லாத வரை அவர் ஒப்பந்ததாரரை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி (சேலம்): 2 கிலோவாட்தான்.

பதில்: அப்படியானால் 60,000 ரூபாயை விட்டுவிடச் சொல்கிறார். வேறு ஒப்பந்ததாரரைப் பாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மானியம் போக 3 கிலோவாட்டுக்கு என்ன விலை?

பதில்: திருச்சி நண்பருக்கு எழுதியதைப் படியுங்கள். முழு விலையைக் கேளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): கடைக்கு மானியம் உண்டா?

பதில்: இல்லை, இது வீடுகளுக்கான திட்டம். வருமான வரியில் 40 விழுக்காடு தேய்மானம் காட்ட வழி உண்டு. உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (சென்னை): ஜி.எஸ்.டி. குறைந்ததே, பழைய விலைப்புள்ளி செல்லுமா?

பதில்: புதிதாகக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின் சாதனங்களுக்கு வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகிவிட்டது. பொருத்தும் பணியையும் சேர்த்த ஒப்பந்தத்தில் 70 பங்கு பொருளாகவும் 30 பங்கு சேவையாகவும் கணக்கிடுவதால், மொத்த வரி 13.8 விழுக்காட்டிலிருந்து 8.9 ஆகிறது.

கேள்வி (விழுப்புரம்): மானியம் போக மீதியை மட்டும் இப்போது கட்டினால் போதும், மானியம் வந்ததும் தங்களுக்குத் தர வேண்டும் என்று ஒரு நிறுவனம் வெற்றுக் காசோலை கேட்கிறது.

பதில்: இதே கவலையை மூன்றாவது முறையாக எழுதுகிறேன்: மானியம் உங்களுடையது. கையில் பணம் இல்லையென்றால், 3 கிலோவாட் வரை பிணையம் இல்லாமல், ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) இணைந்த வட்டியில் பொதுத்துறை வங்கிகள் இத்திட்டத்துக்கென்றே கடன் தருகின்றன. காசோலையில் கையெழுத்திடாமல் முதலில் வங்கிக்குப் போங்கள்.