ரத்தம் கொடுப்பவர் தட்டணுவும் ஸ்டெம் செல்லும் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. இதுவரை 19 முறை ரத்ததானம் செய்திருக்கிறேன். போன மாதம் ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, "இனிமேல் பிளேட்லெட் கொடுக்க வருகிறீர்களா?" என்று கேட்டார்கள். ஸ்டெம் செல் தானத்துக்கும் பெயர் பதியச் சொன்னார்கள். அம்மாவோ, "முதுகுத்தண்டில் ஊசி குத்தி உறிஞ்சிவிடுவார்கள், வேண்டவே வேண்டாம்" என்கிறார். என்ன செய்யட்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், முதுகுத்தண்டை யாரும் தொடப்போவதில்லை. அந்த விஷயத்தைப் பிறகு சொல்கிறேன். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவை, அதாவது பிளேட்லெட்டை முதலில் பார்த்துவிடலாம்.

உங்களைத் தேடிக் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. சிவப்பணுவை ஃபிரிட்ஜில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கலாம். தட்டணு அப்படியல்ல. 20 முதல் 24 டிகிரியில், மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். அப்போதும் ஐந்து நாள்தான் தாங்கும். சேர்த்துவைக்க முடியாத பொருள் என்பதால், கூப்பிட்டால் வருகிற ஆள் வேண்டும். டெங்கு சீசனில்தான் ஊரெல்லாம் பிளேட்லெட் பேச்சு. ஆனால், ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை. ஆண்டு முழுக்க அதற்காகக் காத்திருப்பது ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் குழந்தைகள். பல் ஈறில் ரத்தம் கசிய, வாயில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு பையின் அருமை தெரியும். ரத்தப் பைகளிலிருந்து பிரிப்பதென்றால் ஏறக்குறைய ஆறு பேர் கொடுக்க வேண்டியதை, மெஷின் மூலம் நீங்கள் ஒருவரே கொடுத்துவிடலாம்.

ரத்தம் மெஷினுக்குள் போகும், தட்டணு மட்டும் பிரியும், மீதி உங்களுக்கே திரும்பி வரும். ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டால் உதடு லேசாக மரத்துப்போவது போல இருக்கலாம். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள், சரியாகிவிடும். முடிந்ததும் உங்கள் பையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இளமஞ்சள் நிறம். வெளிச்சத்தில் பிடித்து மெல்ல அசைத்தால் உள்ளே பட்டுத்துணி மடிவது போலச் சுழலும். தட்டணு நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

கொடுத்தது இரண்டு மூன்று நாளில் ஊறிவிடும். நம் நாட்டு விதிப்படி எடை 50 கிலோவாவது இருக்க வேண்டும்; ரத்தம் கொடுத்து 28 நாளாவது ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு 24 முறைக்கு மேல் கூடாது. முந்தைய மூன்று நாளில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி ஸ்டெம் செல், அதாவது எலும்பு மஜ்ஜையில் இருந்து ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல். பதிவதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தால் போதும். சென்னையில் 2009இல் தொடங்கிய 'தாத்ரி' போன்ற பதிவகங்கள் இதைச் செய்கின்றன. பார்ப்பது ரத்த வகையை அல்ல, எச்.எல்.ஏ. என்ற மரபுப் பொருத்தத்தை. உடன்பிறந்தவரிடம்கூட அது முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். வெளியாரில் தேடும்போது, ஒரே வம்சாவளிக்காரர்களிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் பதிய வேண்டும் என்று கேட்கிறேன்.

பொருந்தினால், பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி போட்டு, ஸ்டெம் செல்லை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைத்து, தட்டணு எடுப்பது போலவே கையிலிருந்துதான் எடுப்பார்கள். அந்த நாள்களில் உடம்பு வலி, தலைவலி இருக்கும், பாராசிட்டமால் போதும். சிலரிடம் மட்டும், மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுப்பார்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள். தானம் பெறுபவருக்கு, சில நாள் முன்பே மருந்து கொடுத்து அவருடைய மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் பின்வாங்கினால் அவர் உயிர் பிழைப்பதே கடினம். பதிவதற்கு முன் மறுப்பதில் தவறே இல்லை. யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது. வீட்டின் சம்மதத்தோடு பதியுங்கள்.

அதற்கு அவசரமில்லை. முதலில் ஒரு முறை தட்டணு கொடுத்துப் பாருங்கள். போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஊசி எங்கே போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து அவரே பார்க்கட்டும்.