நேர்த்தி வைத்த பிள்ளை

கேள்வி: 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், ஒரு வயது மகனை மார்போடு கட்டிக்கொண்டு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தேன். அவன் அரைஞாணில் மடு மாதா கோயில் மண் முடிந்திருந்தது. “இவனைத் தப்பவிடு மாதாவே, ஆண்டுதோறும் ஆவணித் திருநாளுக்குக் கூட்டிவருவேன்” என்று நேர்ந்தேன். பாதை திறந்த பிறகு கூட்டிப்போனேன். சென்ற ஆண்டு, பதினாறு வயதில், பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் லொறி மோதிப் போய்விட்டான். சீனி வாங்க நான்தான் அனுப்பினேன். செல்லடியில் காப்பாற்றியவர் இதற்காகவா காப்பாற்றினார்? பூசையில் ‘உமது திருவுளம் நிறைவேறுக’ என்ற இடம் வந்ததும் வாய் மூடிக்கொள்கிறது. ஓகஸ்ட் 15க்கு மடுவுக்குப் போகவேண்டும் என்கிறார் கணவர். எனக்கு அந்த வாசலை மிதிக்க மனமில்லை. நேர்த்தியை முறித்தால் பாவமா, அக்கா?
— விசுவமடு வாசகி

பதில்:

தங்கச்சி, பாவமில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை ஆறுதலாக வாசியுங்கள்.

நேர்த்திக்கு முடிவு உண்டு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1194ஆம் பிரிவைப் பாருங்கள்: நேர்ந்த காரியமே அடியோடு மாறினாலோ, அதன் நோக்கம் இல்லாமல் போனாலோ நேர்த்தி அத்தோடு முடிந்துவிடுகிறது. நீங்கள் நேர்ந்தது அவனைக் கூட்டிப்போவதாக. கூட்டிப்போகப் பிள்ளை இல்லாதபோது கடன் ஏது? சந்தேகமென்றால் பங்குச் சுவாமியாரிடம் பிரிவு இலக்கத்தைச் சொல்லியே கேளுங்கள்.

இனிக் கோபம். “ஆண்டவர் நல்ல பூவைத்தான் முதலில் பறிப்பார்” என்று எத்தனை செத்தவீடுகளில் கேட்டிருப்பேன்! சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு ஒரு வசனத்தையாவது கொண்டுவருகிறார்கள். விவிலியத்தில் பிள்ளைகளை எல்லாம் இழந்த யோபுவின் நண்பர்களும் அப்படித்தான். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் இருந்தார்கள். அத்தோடு எழுந்து போயிருக்கலாம். வாயைத் திறந்ததுதான் பிழை. யோபுவோ பிறந்த நாளைச் சபித்தார், கடவுளை வழக்குக்கு இழுத்தார். அவருக்கு விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை, எதிர்க்கேள்விகள்தான் கிடைத்தன. ஆனால் கடைசி அதிகாரத்தில், ‘என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை’ என்று கடவுள் சினந்தது யாரை? தமக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்களை.

அன்று ஏன் காப்பாற்றினார் என்ற கேள்விக்கு என்னிடமும் விடை இல்லை. அந்தப் பாலத்தைக் கடக்காமலே போன பிள்ளைகளின் தாய்மாரும் நேர்ந்தவர்கள்தான். 1999 நவம்பரில் மடுக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்மீதே செல் விழுந்தது. எந்த நேர்த்தி பலித்தது, எது பலிக்கவில்லை என்று கணக்குப் பார்க்க என்னால் உங்களோடு வர முடியவில்லை.

இயேசு கற்பித்த செபத்தில் வரும் திருவுளம் என்ற அந்த வரிக்கு வருகிறேன். மண்ணுலகில் அவர் விருப்பம் நடக்கிறது என்றால் ‘நிறைவேறுக’ என்று ஏன் கேட்கவேண்டும்? இன்னும் நடக்கவில்லை என்பதால்தானே கேட்கிறோம்? லொறி மோதியதற்குக் கையெழுத்து வைக்கும் வரி அல்ல அது. என்றாலும் வாய் வராவிட்டால் விடுங்கள். பக்கத்து வாங்கில் இருப்பவர்கள் உங்களுக்காகவும் சேர்த்துச் சொல்வார்கள்.

இன்னொன்று. ‘சீனி வாங்க நான்தான் அனுப்பினேன்’ என்ற வரியை நீலப் பேனையால் வெட்டி, கீழே மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். அச்சில் அது தெரியாது, எனக்குத் தெரிந்தது. கடவுளோடு போடும் சண்டைக்குள் உங்களோடு போடும் சண்டையும் ஒளிந்திருக்கிறது. முதலாவதை நிறுத்தும்படி சொல்லமாட்டேன். இரண்டாவதை நிறுத்துங்கள். சீனி முடிந்தால் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாத தாய் வன்னியில் யார்?

கணவர் போகட்டும், தடுக்காதீர்கள். லாசர் இறந்தபோது மார்த்தா வீதிக்கே போய், ‘நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான்’ என்று இயேசுவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அவள் சகோதரி மரியா, அவர் கூப்பிடும்வரை வீட்டிலேயே இருந்துவிட்டாள். இருவரில் ஒருவரையும் அவர் கண்டிக்கவில்லை, அழுதார். உங்கள் வீட்டிலும் ஒருவர் வீதிக்குப் போகிறார், ஒருவர் உள்ளே இருக்கிறார். ‘உமக்கு விசுவாசம் போய்விட்டது’ என்று அவரும், ‘உமக்கு மறந்துவிட்டது’ என்று நீங்களும் சொல்லாமல் இருந்தால் போதும்.

செபமாலை கையில் நிற்காத இரவில் 88ஆம் திருப்பாடலை வாய்விட்டு வாசியுங்கள். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைப் பக்கம் திரும்பிவிடும். இது திரும்பாது, இருளிலேயே முடியும். அதையும் செபம் என்றுதான் விவிலியத்துக்குள் வைத்திருக்கிறார்கள். நித்திரை முற்றாகப் போய்விட்டாலோ, அவனோடு போய்விடலாம் என்ற நினைவு வந்தாலோ செபத்தோடு நிற்கவேண்டாம். அரசாங்கத்தின் 1926 என்ற உளநலத் தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் போகலாம்.

நான்கு பக்கக் கடிதத்தில் ‘மகன்’, ‘பிள்ளை’, ‘அவன்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த கடிதத்தில் பெயரையும் எழுதுங்கள். அச்சில் போடமாட்டேன், எனக்குத் தெரிந்தால் போதும்.