கேள்வி நேரம்: டிவி பாக்ஸில் ஹோம் அசிஸ்டன்ட் ஓடுமா?

கேள்வி: வீட்டு விளக்குகளையும் தண்ணீர் மோட்டாரையும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் வழியாக இயக்க ஆசை. மலிவான ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸில் லினக்ஸ் ஏற்றலாமா, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியே வாங்கட்டுமா? (வாசகர், கோவில்பட்டி)

டிவி பாக்ஸ் வேண்டவே வேண்டாம். ரேம் அளவைப் பார்த்து மயங்காதீர்கள். ஆர்ம் சிப் போர்டில் எது எங்கே இணைந்திருக்கிறது என்பதை லினக்ஸ் தானாகக் கண்டுபிடிக்காது. 'டிவைஸ் ட்ரீ' என்ற கோப்பில் யாராவது எழுதித்தர வேண்டும். ராஸ்பெர்ரி பைக்கு அதற்கு ஆள் இருக்கிறது. பெயர் தெரியாத பாக்ஸுக்கு யார் எழுதுவது? மாடல் அதேதான் இருக்கும், உள்ளே வைஃபை சிப் மாறியிருக்கும்.

பை 4, பை 5 இரண்டுமே நன்றாக ஓடும். ஆனால் ஹோம் அசிஸ்டன்ட் ஓயாமல் டேட்டாபேஸில் எழுதும், மெமரி கார்டு தேய்ந்துவிடும். அப்புறம் எஸ்எஸ்டி, அடாப்டர், கேஸ் என்று செலவு ஏறும்.

என் ஓட்டு செகண்ட் ஹேண்ட் மினி பிசிக்குத்தான். ஆபீஸ் மானிட்டருக்குப் பின்னால் மாட்டியிருப்பார்களே, லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, அந்த ரகம். சென்னை ரிச்சி தெருப் பக்கம் விசாரியுங்கள். இவற்றில் பூட் ஆகும் முறை பொதுவானது. அதனால் 'ஜெனரிக் எக்ஸ்86-64' என்ற ஒரே இமேஜ் (ஹோம் அசிஸ்டன்டை நிறுவும் கோப்பு) போதும். பயாஸில் (பெட்டி ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) யுஇஎஃப்ஐ பூட்டை வைத்து, செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள். கரண்ட் போய் வந்ததும் தானாக ஆன் ஆகும் அமைப்பையும் அங்கேயே மாற்றுங்கள். இதை மறந்தால், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பெட்டி செத்துக் கிடக்கும்.

ஒரிஜினல் அடாப்டர் இல்லாமல் வாங்காதீர்கள். அடையாளம் தெரியாத அடாப்டர் போட்டால் டெல் பெட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நெட்டுக்கு லேன் கேபிள்தான், வைஃபையை நம்ப வேண்டாம். ஜிக்பீ டாங்கிள் (வயர்லெஸ் விளக்கு, சுவிட்சுகளோடு பேசும் யுஎஸ்பி கருவி) மாட்டுவதானால், யுஎஸ்பி 2 போர்ட்டில் எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுத் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல் ஜிக்பீ பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும்.

கேள்வி: 1 ஜிபி ரேம் உள்ள பழைய பை 3பி சும்மா கிடக்கிறது. தூக்கிப் போடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

ஏன் போட வேண்டும்? ஹோம் அசிஸ்டன்டுக்குத்தான் பற்றாது. விளம்பரம் தடுக்கும் பை-ஹோலுக்கு 512 எம்பி ரேமே போதும். அதன் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், ஆனால் பை-ஹோல் வழியாகப் போவது டிஎன்எஸ் கேள்விகள் (இணையதளப் பெயருக்கு முகவரி கேட்பவை) மட்டுமே. 2.5 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். டிவியில் இணைத்துப் பார்க்கும்போது மூலையில் மின்னல் குறி தெரிந்தால், கரண்ட் போதவில்லை என்று அர்த்தம்; மாற்ற வேண்டியது அடாப்டரை அல்லது கேபிளை.