செவ்வாய் கிரகத்தில் பிறந்தால் செவ்வாய் தோஷம் உண்டா?

கேள்வி: எனக்கு வயது 68. ஓய்வுபெற்ற கணக்காளர். தொழிலாக இல்லாமல், சொந்தக்காரர்களுக்கு மட்டும் ஜாதகம் கணித்துக் கொடுப்பேன். என் இளைய மகளுக்கு லக்னத்துக்கு எட்டில் செவ்வாய். போன மாதம் மூன்றாவது வரனும் தட்டிப்போனது. அன்று இரவு சாப்பிடும்போது, ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி (மூத்த மகளின் பெண்) "தாத்தா, செவ்வாய் கிரகத்துல ஒரு பாப்பா பொறந்தா அதுக்கு ஜாதகம் எப்படி எழுதுவீங்க? அதுக்கும் செவ்வாய் தோஷம் வருமா?" என்று கேட்டாள். மருமகன் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்து அவளைத் திட்டிவிட்டேன். ஒரு வாரமாக என் அறைப் பக்கமே அவள் வரவில்லை. இப்போது யோசித்தால் எனக்கே பதில் தெரியவில்லை. அவளுக்கு என்ன சொல்வது?
– பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஐயா, வணக்கம்.

உங்கள் பேத்தி விளையாட்டுக்காகக் கேட்டாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜாதகம் எழுத உட்கார்ந்ததும் தேதி, நேரம், ஊர் என்று மூன்றையும் கேட்கிறோம். ஊர் எதற்கு? கடலூரில் சூரியன் உதித்து ஏறக்குறைய 11 நிமிடம் கழித்துத்தான் கோயம்புத்தூரில் உதிக்கிறது. ஒரே நொடியில் இரண்டு ஊரிலும் குழந்தை பிறந்தால் லக்னமே, அதாவது அந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசியே, மாறிவிடலாம். பிறந்த இடத்தில் நின்று அந்த நேரத்தில் பார்த்த வானம்தான் அந்தப் பன்னிரண்டு கட்டமும். அவள் ஊரைக் கொஞ்சம் தூரத்தில் வைத்துக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அதனால் வாயால் பதில் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்துக் கட்டத்தைப் போடுங்கள். இங்கே முத்தியால்பேட்டையில் எங்கள் அப்பா அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். காகிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அது காயும்வரை காத்திருப்பார். கட்டம் கோடு கோணாமல் விழ வேண்டும். லக்னத்தைக் குறிக்கும்வரை வீட்டில் யாரும் பேசக்கூடாது. பலன் சொல்லும்போது இருந்ததைவிட, கணக்குப் போடும்போதுதான் அவர் முகம் வெளிச்சமாக இருக்கும்.

கணக்கு நம் பக்கத்தின் பெரிய சொத்து. 1825-இல் ஜான் வாரன் என்ற வானியலாளருக்குப் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், சோழிகளைத் தரையில் அடுக்கி, எண்களைச் சொற்களில் அடக்கி மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, பேனா இல்லை. கிரகணம் விடும் நேரம் 52 நிமிடம் பிசகியது. பிடிக்கும் நேரத்தில் பிசகு வெறும் 4 நிமிடம். இதைப் பேத்திக்குச் சொல்லுங்கள்.

சரி, செவ்வாய்க்குப் போவோம். இதுவரை யாரும் அங்கே பிறக்கவில்லை, போகவும் இல்லை. ஆனால் கட்டம் போட முடியும்.

ராசிகளில் சிக்கலே இல்லை. நட்சத்திரங்கள் அவ்வளவு தொலைவில் இருப்பதால், அங்கிருந்து பார்த்தாலும் விருச்சிகத்தின் கொடுக்கு கொடுக்காகவேதான் தெரியும். செவ்வாயின் பாதை பூமியின் பாதைக்கு 2 பாகைகூடச் சாயவில்லை. ஆகவே சூரியன் அதே மேஷம் முதல் மீனம் வரைதான் சுற்றிவரும். ஒரு சுற்றுக்கு 687 நாள் என்பதால் ஒரு மாதம் சராசரியாக 57 நாள். அந்தக் கணக்கில் உங்கள் பேத்திக்கு இப்போது ஆறு வயதுதான் முடிந்திருக்கும். கேட்டால் அவளுக்குக் கோபம்கூட வரலாம்! அங்கே ஒரு பகலும் இரவும் சேர்ந்து 24 மணி 39 நிமிடம். ஒரு லக்னமும் ஏறக்குறைய நம்முடையதைப்போலவே, சராசரியாக 2 மணிக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும்.

சந்திரனுக்கு வரும்போதுதான் தலை சுற்றும். ஜென்ம நட்சத்திரமும் திசையும் (எந்தக் கிரகத்தின் காலம் நடக்கிறது என்பது) ஏழரைச் சனியும் சந்திரனை வைத்துத்தானே பார்க்கிறோம்? செவ்வாய்க்கு இரண்டு நிலவு: போபோஸ், டெய்மோஸ். போபோஸ் 7 மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். செவ்வாய் தன்னைத்தானே சுற்றுவதைவிட அது வேகமாக ஓடுவதால் மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். 27 நட்சத்திரத்தையும் அந்த நேரத்துக்குள் கடந்தாக வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு நட்சத்திரத்துக்கு 17 நிமிடம். இரட்டைக் குழந்தைகள் 17 நிமிட இடைவெளியில் பிறந்தால், மூத்தவனுக்கு அசுவினி, கேது திசை. இளையவனுக்குப் பரணி, சுக்கிர திசை. அமாவாசை நாளுக்கு மூன்று முறை வரும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் தை அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கிறவர்களை நினைத்துக்கொண்டால் இந்தக் கணக்கின் கனம் புரியும்.

டெய்மோஸை எடுத்துக்கொண்டால் ஒரு நட்சத்திரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். இரண்டில் எதை ஜென்ம நட்சத்திரத்துக்கு எடுப்பது? நம் நூல்களில் இதற்கு விதி கிடையாது. பேத்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காரணமும் சொல்லட்டும்.

ராகுவும் கேதுவும் சூரியன் பாதையும் சந்திரன் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். நம் சந்திரனுக்கு அவை பின்னோக்கி நகர்ந்து ஒரு சுற்று வர 18.6 ஆண்டு ஆகும். போபோஸ் செவ்வாயின் நடுக்கோட்டை ஒட்டியே ஓடுவதால், அதன் ராகு கேது ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றுவிடும். அங்கே ராகு கேது பெயர்ச்சி கிடையாது. கிரகணம் உண்டு, ஆனால் முழுதாக மறைக்காது. 2022 ஏப்ரலில் நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி அங்கிருந்து படம் பிடித்தது: உருளைக்கிழங்குபோல் கோணலான ஒரு கறுப்பு, சூரியன்மேல் ஊர்ந்து சுமார் 40 நொடியில் போய்விடுகிறது. அந்தப் படத்தைக் காட்டுங்கள். நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

சனி மட்டும் யாருக்கும் மசிவதில்லை. அங்கேயும் ராசிக்கு நம் கணக்கில் சுமார் இரண்டரை ஆண்டுதான். ஆனால் ஏழரை ஆண்டு என்பது செவ்வாய்க் கணக்கில் ஏறக்குறைய 4 வருடம். திருநள்ளாற்றுக்கு வருகிற கூட்டத்திடம் இதைச் சொன்னால் பாதிப்பேர் அங்கே குடிபோகக் கேட்பார்கள்.

இனி அவள் கேட்ட இடம். செவ்வாயில் பிறந்த குழந்தைக்குச் செவ்வாய் காலடியில் இருக்கிறது, வானத்தில் இல்லை. எந்தக் கட்டத்திலும் அதை எழுத முடியாது. இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு எதுவானாலும் அங்கே செவ்வாய் இருக்காது. ஆக, தோஷம் இல்லை. அதற்குப் பதில் பூமி வந்து உட்காரும். நமக்குச் சுக்கிரன் எப்படியோ அப்படி அவர்களுக்குப் பூமி: விடியலிலும் அந்தியிலும், சூரியனை விட்டு அதிகம் போனால் சுமார் 47 பாகைக்குள், பளிச்சென்று. நம் சந்திரனும் அதை ஒட்டியே, பெரும்பாலும் அதே கட்டத்தில். செவ்வாய்க்குக் குஜன் என்று ஒரு பெயர் உண்டல்லவா? கு என்றால் பூமி, ஜ என்றால் பிறந்தவன். அந்தக் குழந்தையின் வானத்தில் குஜனின் தாய் விளக்காக நிற்பாள்.

சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க, லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் பல ஆண்டு காத்திருந்து 1769 ஜூன் 4 காலையில் புதுச்சேரியில் தயாராக நின்றார். மேகம் மூடிவிட்டது. அதேபோல் செவ்வாயில் நிற்பவர்களுக்குப் பூமி சூரியனைக் கடப்பது தெரியும். அடுத்தது 2084 நவம்பர் 10. உங்கள் பேத்தி அப்போது பாட்டியாக இருப்பாள். தேதியைக் கட்டத்தின் ஓரத்தில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

பலன் என்று கேட்டால்? அங்கேதான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கணக்கை எந்தக் கிரகத்துக்கும் கொண்டுபோகலாம். பலனை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. எட்டில் செவ்வாய் என்றால் இன்னது என்று எழுதியவர்கள் பூமியில் நின்று, பூமியில் இருந்தவர்களைப் பார்த்து எழுதினார்கள். செவ்வாயில் எட்டில் பூமி நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல ஆள் இல்லை. நம் ஊர்ப் பலனையும் சோதித்து நிரூபித்தவர் யாரும் கிடையாது. அப்பாவின் நோட்டை இன்றும் பூஜை அறையில் வைத்திருக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

ஐயா, அவள் யாருக்காகக் கேட்டாள் என்று யோசித்தீர்களா? போன மாதம் வீட்டில் நடந்ததை அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாயே இல்லாத ஓர் இடத்தைச் சித்திக்காகத் தேடியிருக்கிறாள்.

நீங்கள் கணக்காளர், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லக்னத்திலிருந்து மட்டும் எண்ணினாலே பன்னிரண்டில் ஐந்து வீடு தோஷம். அப்படியானால் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால் இன்னும் ஏறும். உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் கணவனும் மனைவியும் பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கிறார்கள்? அதில் பாதிக்குப் பாதி இந்தக் கணக்கில் வந்திருக்க வேண்டும். சொந்த வீடு, உச்ச வீடு, குரு பார்வை என்று தோஷத்துக்கு விலக்குகள் அத்தனை வந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். மூன்று வரன் தட்டிப்போனதற்கு உங்கள் மகளின் எட்டாம் கட்டம் பொறுப்பில்லை. அந்த வீட்டுக்காரர்கள் எடுத்த முடிவு அது.

அடுத்த வரன் வந்தால் ஜாதகத்தை முதலில் அனுப்ப வேண்டாம். பிள்ளையும் பெண்ணும் பேசட்டும். ஜாதகத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று மகளைக் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் கொடுக்காதீர்கள். அதற்கு முன்னால், இன்று சாயங்காலமே நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு நீங்களே பேத்தியின் அறைக்குப் போங்கள். "அன்னிக்குத் திட்டினது என் தப்பு, வா, அந்தப் பாப்பாவுக்கு ஜாதகம் எழுதுவோம்" என்று கூப்பிடுங்கள். சித்தியையும் கூட உட்காரவையுங்கள்.