வெள்ளை யானையும் ஒரு 'நாமு'ம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1927இல் எழுதி வெளியிட்ட 'வெள்ளை யானைகளைப் போன்ற குன்றுகள்' கதையை இருமுறை வாசித்தேன். கருவைக் கலைத்துவிட விரும்பும் ஆணும் அதற்கு மனம் ஒப்பாத பெண்ணும் ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது புரிகிறது. இறுதியில் அவள் என்ன முடிவெடுக்கிறாள் என்பது புரியவில்லை. மேலும், 'உனக்கு விருப்பமில்லையென்றால் வேண்டாம்' என்று அவன் பலமுறை சொல்கிறான். பிறகு ஏன் விமர்சகர்கள் அவன் மீதே குற்றம் காண்கிறார்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அவன் அவ்வாறு சொல்வது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று பாருங்கள். மிக எளிய சிகிச்சை, உண்மையில் சிகிச்சையே அல்ல, காற்றை உள்ளே விடுவது மட்டும்தான், நம்மை வருத்துவது இந்த ஒன்றுதான் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். கருக்கலைப்பு என்ற சொல்லை இருவருமே ஓரிடத்திலும் உச்சரிப்பதில்லை. மறுக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறவன், மறுத்தால் பழைய மகிழ்ச்சி திரும்பாது என்பதையும் சேர்த்தே உணர்த்திவிடுகிறான். இதைச் சம்மதம் கேட்பது என்று என்னால் கருத முடியவில்லை.

அவர்கள் இருவரில் ஸ்பானிய மொழி தெரிந்தவன் அவன் மட்டுமே என்பதையும் கவனியுங்கள். ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், இரு தண்டவாளங்களுக்கு நடுவே நிற்கும் அந்த நிலையத்தில், மணிச்சரத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும், பார்சிலோனாவிலிருந்து வரும் விரைவு வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும் என்பதையும் அவள் அவன் வாயால்தான் அறிகிறாள்.

என்னைப் பொறுத்தவரை கதையின் உயிர் அந்த வெள்ளை யானையில் இருக்கிறது. வெயிலில் வெளுத்துத் தெரியும் குன்றுகளைப் பார்த்து அவள் அந்த உவமையைச் சொல்ல, தான் வெள்ளை யானையைப் பார்த்ததே இல்லை என்று சொல்லி அவன் பீரைக் குடிக்கிறான். பார்த்திருக்க மாட்டாய் என்று அவள் சொன்னதும், பார்த்திருக்கவும் கூடும் என்று வழக்காடுகிறான். ஆங்கிலத்தில் வெள்ளை யானை என்றால் கட்டிக் காக்கவும் முடியாத, கைவிடவும் முடியாத சுமை. நம் செய்தித்தாள்களும் வீண்செலவுத் திட்டங்களை அப்படித்தான் அழைக்கின்றன. நமக்கோ அது இந்திரனின் ஐராவதமும் கூட. ஆகவே வயிற்றில் வளர்வது அவனுக்குச் சுமையாகவும் அவளுக்கு அரிய வரவாகவும் இருப்பதைத் தமிழ் வாசகர் அடிக்குறிப்பு இல்லாமலே உணர்ந்துவிட முடியும். பிறகு அவள் கேட்கும் ஒரு கேள்வி ஒவ்வொரு வாசிப்பிலும் என்னைக் கலங்கச் செய்கிறது. நான் இதைச் செய்துகொண்டால், எதையாவது வெள்ளை யானை போலிருக்கிறது என்று நான் சொல்லும்போது மறுபடியும் உனக்குப் பிடிக்குமா என்கிறாள். தன் பேச்சுக்குக் காது கொடுத்த பழைய துணை திரும்பக் கிடைக்குமென்றால் தன் உடலையே விலையாகக் கொடுக்க அவள் முன்வருகிறாள்.

அதன் பின்னர்தான் அவள் எழுந்து நிலையத்தின் ஓரத்துக்கு நடந்து, மறுபுறத்துத் தானிய வயல்களையும் ஆற்றங்கரை மரங்களையும், வயலின் மீது நகரும் மேக நிழலையும் பார்க்கிறாள். இவையெல்லாம் நமக்குக் கிடைத்திருக்கலாம் என்கிறாள். அவளுடைய அந்த 'நாம்' மூவரைக் கொண்டது என்றே நான் வாசிக்கிறேன். உன்னைத் தவிர வேறு யாரும் எனக்கு வேண்டாம் என்று சொல்லும் அவனுடைய 'நாம்' இருவரோடு முடிந்துவிடுகிறது. அவள் 'தயவுசெய்து' என்பதை ஏழு முறை சொல்லிப் பேச்சை நிறுத்தக் கெஞ்சுவது இந்த இடைவெளியைக் கண்டுகொண்ட பிறகுதான்.

இனி முடிவு. அவன் பெட்டிகளை மறுபுறத் தண்டவாளத்துக்குத் தூக்கிச் செல்வதால், எதிர்த்திசை வண்டியில் திரும்பிவிட எண்ணி அவளுடைய விருப்பத்துக்கு இணங்கிவிட்டான் என்று வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திரும்பும் வழியில் மதுக்கூடத்தில் நின்று தனியாகக் குடிப்பவன், அங்கிருப்போர் எல்லோரும் நியாயமாக ரயிலுக்குக் காத்திருப்பதாகப் பார்க்கிறான். அவள் நியாயமற்றவள் என்ற எண்ணம் அவனுக்குள் அப்படியே இருக்கிறது.

சிகிச்சை நடக்குமா என்பதைக் கதைக்குள்ளிருந்து யாராலும் நிறுவ முடியாது. இப்போது தேவலையா என்று அவன் கேட்கும்போது அவள் தரும் பதிலை மட்டும் மீண்டும் வாசியுங்கள். நன்றாக இருக்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்கிறாள். சற்று முன்புவரை, என்னைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இந்தக் கடைசிப் பதிலில் 'நீ' இல்லை. 'நாம்' என்பதும் இல்லை.