பழைய ஸ்போர்ட்ஸ் கார்களும் புதிய ஸ்போர்ட்ஸ் கார்களும்: எக்ஸாஸ்ட் ஒலி குறித்த கேள்வி பதில்

ஸ்போர்ட்ஸ் கார்களின் எக்ஸாஸ்ட் (எரிந்த வாயு வெளியேறும் குழாய்) ஒலி காலப்போக்கில் எப்படி மாறியது, ஏன் மாறியது என்று உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்தனர். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாக்கி, என்னால் இயன்ற அளவு விளக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம். பழைய கார்களின் ஒலியே இனிமையானது, புதியவை மந்தமாக ஒலிக்கின்றன என்று பலரும் சொல்கிறார்கள். இது உண்மையா, அல்லது பழையதன் மீதுள்ள பற்று அப்படி எண்ண வைக்கிறதா?

பதில்: பற்றுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் வேறுபாடு உண்மையானது, கருவியால் அளக்கக்கூடியது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்தத் துடிப்பு குழாய்க்குள் பாய்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை எரிவதால், நிமிடச் சுழற்சியைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி 120ஆல் வகுத்தால் அந்த ஒலியின் அடிப்படை அதிர்வெண் கிடைத்துவிடும். 2009இல் அறிமுகமான ஃபெராரி 458 இட்டாலியாவின் எட்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 9000 சுழற்சி வரை செல்லும். அங்கே அதன் அடிப்படை அதிர்வெண் 600 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்து 2015இல் வந்த 488 ஜிடிபி இரட்டை டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) கொண்டது. அதன் எல்லை 8000 சுழற்சி, அதாவது ஏறத்தாழ 533 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் உள்ள விகிதம் 9க்கு 8. இசை கற்றவர்களுக்கு இது ஷட்ஜத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் உள்ள இடைவெளி என்பது உடனே விளங்கும்.

ஆனால் அந்த ஒரு சுர இடைவெளி மட்டும் இவ்வளவு பெரிய வருத்தத்தை உண்டாக்கிவிடாது. அடிப்படை அதிர்வெண்ணின் மேலே அடுக்கடுக்காக அமையும் மேற்சுரங்கள்தான் ஒலிக்கு அதன் நிறத்தைத் தருகின்றன. புதிய கார்களில் முதலில் தேய்வது அந்த மேலடுக்குதான். ஆகவே "புதிய கார் சத்தம் குறைந்தது" என்பதைவிட, "புதிய காரின் ஒலியில் மேற்சுரங்கள் குறைந்தன" என்பதே பெரும்பாலும் சரியான கூற்று.

கேள்வி: அந்த மேற்சுரங்களை டர்போ எப்படி எடுத்துக்கொள்கிறது? சூப்பர்சார்ஜர் உள்ள கார்களில் இந்தக் குறை தெரிவதில்லையே, ஏன்?

பதில்: டர்போவின் டர்பைன் சக்கரம் எக்ஸாஸ்ட் வாயுவின் பாதையிலேயே அமர்ந்திருக்கிறது. வால்வைத் தாண்டி வரும் துடிப்பின் வெப்பத்திலிருந்தும் அழுத்தத்திலிருந்தும் ஆற்றலை எடுத்துத்தான் அது சுழல்கிறது. ஒலியும் அதே அழுத்த ஏற்ற இறக்கமே என்பதால், சக்கரத்துக்குப் போன பங்கு நம் காதுக்கு வருவதில்லை. கூர்மையாக எழுந்து விழும் துடிப்புகள் டர்பைனின் குறுகிய வழிகளில் நுழைந்து வெளியேறும்போது முனை மழுங்கிவிடுகின்றன, அந்தக் கூர்முனைகளே மேற்சுரங்களின் பிறப்பிடம். டர்போ விரைவாகச் செயல்பட வேண்டும் என்பதற்காக அதை எஞ்சினுக்கு மிக அருகில் பொருத்துவதால், சிலிண்டர்களிலிருந்து வாயுவைச் சேர்த்துக் கொண்டுசெல்லும் நீண்ட, சம அளவுள்ள மேனிஃபோல்டு குழாய்களுக்கு இடமில்லாமல் போவது இன்னோர் இழப்பு.

சூப்பர்சார்ஜர் அப்படியன்று. அது பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மை அச்சான கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் வழியாக ஆற்றல் பெற்று, உள்ளே வரும் காற்றை அழுத்துகிறது. எக்ஸாஸ்ட் பாதையில் அது குறுக்கிடுவதே இல்லை. ஜாகுவார் எஃப்-டைப்பின் 5.0 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின் அத்தனை திறந்த குரலில் ஒலித்ததற்கு இது முக்கியக் காரணம். ஆற்றலைக் கூட்ட இரண்டு வழிகள் இருந்தும், எரிபொருள் சிக்கனத்தின் பொருட்டு உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் டர்போவையே தேர்ந்தார்கள். அதன் விலையை ஒலி கொடுத்தது.

கேள்வி: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஒலியைக் குறைக்கிறதா?

பதில்: எக்ஸாஸ்டின் நச்சு வாயுக்களைத் தூய்மையாக்கும் இந்தக் கருவியும் குறைக்கிறது, ஆனால் ஓரளவுக்குத்தான். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாடல்களிலிருந்தும், ஐரோப்பாவில் 1993 முதல் எல்லாப் புதிய பெட்ரோல் கார்களிலும் அது பரவலானது. தேன்கூடு போன்ற அதன் அறைகள் இரு முனையிலும் திறந்தவை. வாயு நேராகக் கடந்து செல்லும். எக்ஸாஸ்டில் வரும் கரித்துகள்களைப் பிடிக்கும் துகள் வடிகட்டியின் அமைப்பு வேறு. அதன் அறைகளில் ஒன்றுவிட்டு ஒன்று முனை அடைக்கப்பட்டிருப்பதால், வாயு நுண்துளைச் சுவரை ஊடுருவித்தான் வெளியேற முடியும். ஐரோப்பாவில் 2018 செப்டம்பர் முதல் நேரடி எரிபொருள் தெளிப்பு கொண்ட புதிய பெட்ரோல் கார்கள் அனைத்துக்கும் கடுமையான துகள் எண்ணிக்கை வரம்பு பொருந்தியதால் இந்த வடிகட்டி அவற்றில் வேகமாகப் பரவியது. எஞ்சின் மாறாமல், வடிகட்டி மட்டும் சேர்க்கப்பட்ட ஒரே மாடலின் இரு ஆண்டுக் கார்கள் கிடைத்தால் அவற்றை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பழையது, புதியது என்ற ஒப்பீட்டில் அதைவிட நேர்மையான சோதனை இல்லை என்பது என் கருத்து.

கேள்வி: ஐயா, அமெரிக்க வி8 கார் உறுமுகிறது, இத்தாலிய வி8 கார் வீறிடுகிறது. இரண்டிலும் சிலிண்டர் எட்டுதானே? இது பழமை, புதுமை தொடர்பானதா, அல்லது நாடு தொடர்பானதா?

பதில்: இரண்டுமன்று, கிராங்க் ஷாஃப்ட் தொடர்பானது. வி8 என்பது பக்கத்துக்கு நான்காக, V வடிவில் எட்டு சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின். பெரும்பாலான அமெரிக்க வி8 எஞ்சின்களில், பிஸ்டன்கள் இணையும் கிராங்கின் நான்கு முழங்கைகளும் 90 பாகை இடைவெளியில் சிலுவை வடிவில் அமைந்திருக்கும். முழு எஞ்சினையும் எடுத்துக்கொண்டால் 90 பாகைக்கு ஒன்று என்று எரிப்பு சீராகவே நடக்கிறது. ஆனால் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் இடைவெளிகள் 90, 180, 270, 180 பாகைகள் என்று ஏறி இறங்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் குழாய் இருக்கும்போது, இந்தச் சீரற்ற வரிசைதான் வெளியே கேட்கிறது. அடிப்படை அதிர்வெண்ணுக்குக் கீழே தாழ்ந்த சுரங்கள் பல உருவாகின்றன. அவற்றின் கூட்டே அந்த உறுமல்.

ஃபெராரியின் வி8 எஞ்சின்களில் கிராங்க் தட்டையானது. முழங்கைகள் 180 பாகையில் எதிரெதிராக நிற்கும். எரிப்பு வலமும் இடமும் மாறி மாறி நிகழ்வதால், ஒவ்வொரு பக்கத்துக் குழாயிலும் துடிப்புகள் சம இடைவெளியில் வருகின்றன. தாழ்ந்த சுரங்கள் மறைந்து, ஒலி தெளிந்து உயர்கிறது. எடை குறைந்த இந்தக் கிராங்க் உயர் சுழற்சிக்கு எளிதாக ஏறும் என்பதால், வீறிடல் இன்னும் கூடுகிறது.

காலத்தோடு இதற்குத் தொடர்பில்லை என்பதற்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன். 1960களின் ஃபோர்டு ஜிடி40 பந்தயக் காரில் இருந்தது சிலுவைக் கிராங்க் கொண்ட அமெரிக்க எஞ்சின்தான். ஆனால் ஒரு பக்கத்துச் சிலிண்டர்களின் குழாய்களை மறுபக்கத்துக்குக் கடத்தி, பாம்புகள் பின்னிக் கிடப்பதுபோல் இணைத்துத் துடிப்புகளைச் சீராக்கினார்கள். அதனால் அது உறுமாமல் உயர்ந்த குரலில் ஒலித்தது. 2023ஆம் ஆண்டு மாடலாக வந்த கார்வெட் இசட்06, தட்டைக் கிராங்க் கொண்ட 5.5 லிட்டர் எஞ்சினுடன் 8600 சுழற்சி வரை செல்கிறது. அமெரிக்கக் காரான அதைக் கண்ணை மூடிக் கேட்பவர் இத்தாலியக் கார் என்றே சொல்வார்.

பழைய சுபாரு இம்ப்ரெசாவின் புகழ்பெற்ற குமுறலும் இதே விதியைச் சேர்ந்தது. அங்கே எரிப்பு இடைவெளிகள் சீரானவை. மேனிஃபோல்டு குழாய்களின் நீளம் சமமற்றது. ஆகவே துடிப்புகள் சந்திப்புக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்தன. சம நீளக் குழாய்கள் வந்ததும் அந்தக் குமுறலும் மறைந்தது.

கேள்வி: சட்டங்கள் கடுமையாகிக்கொண்டே வருகின்றன என்றால், சில புதிய கார்கள் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது தெருவையே எழுப்பும் அளவுக்கு ஒலிப்பது எப்படி?

பதில்: சட்டம் கடுமையானது உண்மை. ஐரோப்பாவில் 1970ஆம் ஆண்டு நெறிமுறை பயணிகள் காருக்கு 82 டெசிபெல் வரை அனுமதித்தது. 1990களின் நடுப்பகுதியில் அது 74ஆகக் குறைந்தது. 2014இல் இயற்றப்பட்ட 540ஆம் எண் ஒழுங்குமுறை சோதனை முறையையே மாற்றி, மிக ஆற்றல் வாய்ந்த தாழ்இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு முதல் கட்டத்தில் 75 டெசிபெல்லும் மூன்றாம் கட்டத்தில் 72 டெசிபெல்லும் வரம்பாக விதித்தது. மூன்று டெசிபெல் என்பது கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். அது ஒலி ஆற்றலைப் பாதியாக்குவதற்குச் சமம்.

ஆனால் இந்த வரம்புகள் ஓடும் காரை, வரையறுத்த வேகத்திலும் முடுக்கத்திலும் அளப்பவை. குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கும்போது, கன்வெர்ட்டரை விரைவில் சூடாக்க வேண்டும் என்பதற்காகக் கணினி சுழற்சியை உயர்த்தி, தீப்பொறியையும் தாமதப்படுத்துகிறது. சூடான வாயு உரத்த ஒலியுடன் வெளியேறுகிறது. சைலன்சரைச் சுற்றிச் செல்லும் பாதையின் மடிப்பு வால்வும் அப்போது திறந்திருந்தால் ஒலி இன்னும் கூடும். அந்தக் கார் ஓடத் தொடங்கியபின் அமைதியாகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். பழைய காரில் இப்படித் திறந்து மூடும் வால்வு அரிது. அதன் குரல் ஆக்சிலரேட்டரின் அழுத்தத்துக்கு ஏற்பப் படிப்படியாக வளர்ந்தது. உரத்த ஒலியைவிட அந்தப் படிப்படியான வளர்ச்சியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் பட்பட்டென்று வெடிக்கும் ஒலி பழைய கார்களிலும் இருந்ததா?

பதில்: இருந்தது. கார்புரேட்டர் எஞ்சினில் எரியாமல் தப்பிய எரிபொருள் சூடான குழாயில் பற்றிக்கொண்டதால் வந்த ஒலி அது. சீராக வராது, ஒவ்வொரு முறையும் வேறுபடும். இன்றைய கார்களில் கணினியே சிறிதளவு எரிபொருளைத் தெளித்து, தீப்பொறியைத் தாமதப்படுத்தி அதை வேண்டுமென்றே உண்டாக்குகிறது. அதைக் காரின் இயல்பான குரலோடு சேர்த்து மதிப்பிட வேண்டாம். வெளியிலிருந்து மாற்றி ஏற்றப்படும் மென்பொருள் இதை மிகைப்படுத்தும்போது கன்வெர்ட்டர் அதிகம் சூடாகிப் பழுதடையவும் கூடும்.

கேள்வி: ஸ்பீக்கர் வழியாக எஞ்சின் ஒலி தருவது பற்றித் தங்கள் கருத்து என்ன? வெளியே கேட்கும் ஒலியும் உள்ளே கேட்கும் ஒலியும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றன்று, பழைய கார்களிலும் ஒன்றாக இருந்ததில்லை. ஓட்டுநர் இருக்கையில் நாம் எக்ஸாஸ்ட் என்று நினைத்து ரசித்ததில் பெரும்பங்கு காற்று உள்ளிழுக்கும் ஒலி. சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தட்டு) கொண்ட இ46 வகை பிஎம்டபிள்யூ எம்3 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லெக்சஸ் எல்எஃப்ஏ காரின் 4.8 லிட்டர் வி10 எஞ்சினை யமஹாவுடன் சேர்ந்து உருவாக்கியபோது, காற்று சேரும் அறையின் வடிவத்தையே ஒலிக்காகத் தீட்டி, அதைக் காருக்குள் கொண்டுவந்தார்கள். 9000 சுழற்சியில் 750 ஹெர்ட்ஸில் எழும் அந்தக் குரலுக்கு இணையாக நான் வைக்கக்கூடிய சாலைக் கார்கள் மிகச் சிலவே.

2011இல் வந்த எஃப்10 வகை பிஎம்டபிள்யூ எம்5 எஞ்சின் ஒலியை ஸ்பீக்கர் வழியாக உள்ளே ஒலிக்கச் செய்தது. ஃபெராரி 296 ஜிடிபியோ, வாயுவைத் தூய்மைப்படுத்தும் பகுதிக்கு முன்பிருந்தே ஒலியை ஒரு குழாய் மூலம் உள்ளே கடத்துகிறது. இவ்விரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். இருக்கும் ஒலியைக் காதுக்குக் கொண்டுவருவது பொறியியல். அதை நான் மனமார வரவேற்கிறேன். மின்னணு முறையில் உருவாக்கிய ஒலி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் ஒப்பீட்டில் அதற்கு இடம் தரலாகாது.

கேள்வி: டைட்டானியம் எக்ஸாஸ்ட் ஒலியை மாற்றுமா?

பதில்: மெல்லிய சுவர் கொண்டதாக இருந்தால் சற்றே உலோகத் தன்மை கூடும். குழாயின் நீளம், விட்டம், சைலன்சரின் உள்ளமைப்பு ஆகியவைதான் உலோகத்தைவிடப் பெரிய காரணிகள்.

கேள்வி: காணொளிகளைப் பார்த்துப் பழைய காரையும் புதிய காரையும் ஒப்பிடுவது சரியா?

பதில்: மிகுந்த கவனத்துடன் செய்யலாம். கைப்பேசிகள் உரத்த ஒலி வந்ததும் பதிவளவைத் தாமாகக் குறைத்துவிடும். அதனால் உரத்த காரும் மெல்லிய காரும் ஒரே அளவில் கேட்கும். திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் 6 டெசிபெல் குறையும் என்பதால், ஒலிவாங்கி நின்ற இடம் தெரியாத இரு பதிவுகளை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. நின்ற இடத்தில் எஞ்சினை முறுக்குவதும் பயனற்றது. பல புதிய கார்கள் அப்போது சுழற்சியைக் குறைவாகவே கட்டுப்படுத்திவிடுகின்றன, சுமையில்லாத எஞ்சினின் ஒலியும் உண்மையான ஒலியன்று. ஒரே சாலை, ஒரே தூரம், ஒரே சுழற்சி அளவு, முழு ஆக்சிலரேட்டர் என்று அமைந்த பதிவுகளைத் தேடுங்கள். பழைய காரின் சைலன்சரில் அடைத்த கண்ணாடி இழை எரிந்துபோயிருக்கலாம், அல்லது முழு எக்ஸாஸ்டே மாற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். முப்பது ஆண்டு கடந்த கார் இன்று ஒலிப்பதுபோலத்தான் புதிதாக இருந்தபோதும் ஒலித்தது என்று எண்ணக்கூடாது.

கேட்டுப் பழக ஒரு நல்ல வரிசை மெர்சிடிஸ் சி63. முதலில் 6.2 லிட்டர் டர்போ இல்லாத வி8, அடுத்து 4.0 லிட்டர் இரட்டை டர்போ வி8, 2022இல் 2.0 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போவும் மின்மோட்டாரும். 6000 சுழற்சியில் முதல் இரண்டின் அடிப்படை அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ், மூன்றாவதற்கு 200. முதல் இரண்டுக்கும் இடையே டர்போ செய்த வேலையையும், கடைசி இரண்டுக்கும் இடையே சிலிண்டர் எண்ணிக்கை செய்த வேலையையும் தனித்தனியாகக் கேட்கலாம்.

கேள்வி: என் நண்பரிடம் புதிய டர்போ கார் இருக்கிறது. எக்ஸாஸ்டை மாற்றினால் பழைய காரின் குரல் வருமா?

பதில்: பின்பக்கச் சைலன்சரை மட்டும் மாற்றினால் உரப்பு கூடும், குரல் மாறாது, ஏனெனில் துடிப்புகளின் கூர்முனை டர்பைனிலேயே மழுங்கிவிட்டது. கன்வெர்ட்டரையோ வடிகட்டியையோ அகற்றினால் சற்றே தெளிவு கிடைக்கலாம், ஆனால் பல நாடுகளில் அது சட்டவிரோதம், காற்றுக்கும் கேடு; அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அந்தக் குரலே முதன்மை என்றால், டர்போ இல்லாத புதிய கார்கள் இன்னும் இருக்கின்றன என்று நண்பரிடம் சொல்லுங்கள். 992 வகை போர்ஷே 911 ஜிடி3 துகள் வடிகட்டியைச் சுமந்துகொண்டே 9000 சுழற்சிக்கு ஏறுகிறது. கார்டன் மர்ரியின் டி.50 காரிலுள்ள 3.9 லிட்டர் வி12 எஞ்சின் 12,100 சுழற்சி வரை செல்கிறது. முதல் பதிலில் சொன்ன கணக்கின்படி அது 1210 ஹெர்ட்ஸ், அதாவது 458 இட்டாலியாவின் உச்சத்தைப்போல் இருமடங்கு.