கல்லும் கயிறும்

அன்புள்ள ஐயா,

நான் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரில் இருக்கிறேன். வீடு வாங்கப் பார்க்கிறோம். எங்களுக்குப் பிடித்த வீட்டுக்கும் ஹேவர்ட் நிலப்பிளவுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வாங்கலாமா? விஞ்ஞானிகள் அறுபது ஆண்டுகளாக ஆய்வகத்தில் கையளவுக் கல்லை நசுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு தேதி சொல்ல முடியவில்லை. 2023 துருக்கி நிலநடுக்கத்தைக் கிரக நிலையை வைத்து மூன்று நாள் முன்பே ஒருவர் சொன்னாரே? நாய்க்கும் எறும்புக்கும் தெரிவது இவர்களுக்குத் தெரியாதா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நாயையும் எறும்பையும் விட்டுவிடுவோம். கிரகக்காரர் சொன்னது, இன்றைக்கோ என்றைக்கோ அந்தப் பக்கம் ஒரு பெரிய நடுக்கம் வரும் என்பது. அதை என் பாட்டியும் சொல்லியிருப்பாள், கிரகத்தைத் தொந்தரவு செய்யாமலே.

'கையளவுக் கல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வாரமாக அந்தக் கல்லைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பதினோரு வயதிருக்கும். பெரியப்பா வீட்டு வாய்க்கால் மேல் கிடந்த கருங்கல் பாளம் ஒன்றைக் கிணற்றடிக்கு நகர்த்தினார்கள். முற்றம் முழுக்கக் கல் பாவியது. ஆறு பேர், நீளமான தேங்காய் நார்க் கயிறு. இழுத்தார்கள். கல் அசையவில்லை, கயிறுதான் நீண்டது. முறுக்கு இறுகி முனகியது, நார்த்தூசி பறந்தது. திடீரென்று கல் ஒரு சாண் குதித்தது. கயிறு தொய்ந்தது. மூன்று பேர் மல்லாந்து விழுந்தார்கள். எழுந்து, வெற்றிலை போட்டு, மறுபடி இழுத்தார்கள். மறுபடியும் அதே கதை. கடைசியில் கொத்தனார் வந்து, எல்லாரையும் கல்லுக்கு இரண்டு முழம் தள்ளி நெருக்கிப் பிடிக்கச் சொன்னார். "நீளக் கயிறு இழுப்பையெல்லாம் தானே சேர்த்து வைத்துக்கொள்ளும்" என்றார். அதன் பிறகு கல் குதிக்கவில்லை. கறகறவென்று அரைத்தபடி, இழுத்த இழுப்புக்கு நகர்ந்தது.

1906 சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு ரீட் என்பவர் சொன்னது இதைத்தான். நிலப்பிளவு என்பது பூமியில் பாறை உடைந்து, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகரும் இடம். அதன் இருபுறமும் உள்ள பாறை கயிறுபோல நீண்டு வளைகிறது, பிடி விட்டதும் சடாரென்று நிமிர்கிறது. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிரேஸ், பையர்லீ என்ற ஆய்வாளர்கள் கிரானைட் துண்டை அழுத்தி நகர்த்தியபோது அது வழுக்கவில்லை, நின்று நின்று குதித்தது. நிலநடுக்கம் என்பதே இந்தக் குதிப்பாக இருக்கலாம் என்று எழுதினார்கள். கல்லின் வகை பெரிய விஷயமில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. சில களிமண்களைத் தவிர எல்லாப் பாறைகளுக்கும் உராய்வு ஏறக்குறைய ஒன்றே. குதிப்பதா அரைத்துக்கொண்டு நகர்வதா என்பதைக் கல் தனியாக முடிவு செய்வதில்லை, கயிறும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. ஆய்வகத்தில் கல்லை அழுத்தும் எந்திரமே கயிறு. பூமியில் சுற்றியுள்ள பாறை.

இனி உங்கள் அக்கரைக்கு வருகிறேன். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவைத் தாண்டினால் மென்லோ பார்க் நகரம். அங்கே அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் ஆய்வகத்தில் ஜேம்ஸ் டீட்ரிக் 1970-களில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: நின்றுகொண்டிருக்கும் கல் என்ன செய்கிறது? சும்மா இருக்கிறது என்பீர்கள். இல்லை. ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் இரண்டு கற்களும் முழுப் பரப்பிலும் தொடுவதில்லை. துருத்திக்கொண்டிருக்கும் சில முனைகள்தான் தொடுகின்றன. மொத்த பாரமும் அந்த முனைகளின் தலையில். அவை பாரம் தாங்காமல் மெல்ல நசுங்கி அகலமாகின்றன, பிடி ஏறுகிறது. ஒரு வினாடி பத்து வினாடியானால் எவ்வளவு ஏறுமோ, பத்து நூறானாலும் அவ்வளவே, நூறு ஆயிரமானாலும் அவ்வளவே. ஏற்றம் சொற்பம்தான், ஆனால் நிற்பதே இல்லை. 1994-இல் டீட்ரிக்கும் கில்கோரும் கண்ணாடி, அக்ரிலிக் போன்ற ஒளி புகும் பொருள்களை அழுத்தி, நுண்ணோக்கி வழியே பார்த்தார்கள். தொடுமிடங்கள் மட்டும் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரிந்தன. காத்திருக்கக் காத்திருக்கப் புள்ளிகள் பெருத்தன. வெற்றிலை போட்டு வந்த பிறகு பெரியப்பா வீட்டுக் கல் இன்னும் முரண்டு பிடித்ததே, அதற்கு இதில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

நகரத் தொடங்கினால் பழைய முனைகள் போய்ப் புதியவை வரும். புதியவற்றுக்கு வயது குறைவு, பிடியும் குறைவு. பழைய பிடி முழுக்கப் போவதற்குச் சில மைக்ரான் தூரம் நகர்ந்தாலே போதும், தலைமுடியின் பருமனில் சிறு பங்கு. நீங்கள் கேட்ட தேதி இந்த மைக்ரான்களுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. வழுக்கல் பிளவு முழுவதும் ஒரே நொடியில் தொடங்குவதில்லை. ஒரு திட்டு மட்டும் ஓசையில்லாமல் நழுவ ஆரம்பிக்கிறது. திட்டு சிறியதாக இருக்கும்வரை சுற்றியுள்ள பாறை அதைக் குட்டைக் கயிறாக இறுக்கிப் பிடித்திருக்கிறது. திட்டு வளர வளரக் கயிறு நீளுகிறது. ஓர் அளவைத் தாண்டினால் குதிப்புதான். மென்லோ பார்க்கில் ஒன்றரை மீட்டர் சதுர கிரானைட் பாளத்தை மூலைக்கு மூலை அறுத்து இதைப் பார்த்தார்கள். கையளவு இல்லை, கவனியுங்கள்.

ஆய்வக அளவுகளை அப்படியே பூமிக்குப் போட்டால் அந்தத் திட்டு சில மீட்டர்தான் வருகிறது. பத்து கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு வீட்டுக் கூடம் அளவு பாறை சத்தமில்லாமல் நழுவுவதை மேலிருந்து எதை வைத்துப் பார்ப்பீர்கள்? இயற்கைப் பிளவு அறுத்த கல்போல இருக்காது, திட்டு பல மடங்கு பெரிதாக இருக்கும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அது மெய்யானால் ஒரு நாள் முன்கூட்டியே தெரியலாம். இந்தச் சண்டை ஓயவில்லை. இதைத் தீர்க்கத்தான் ஐயா, கல்லை நசுக்கிக்கொண்டிருக்கிறார்கள்!

உங்கள் மாநிலத்திலேயே பார்க்ஃபீல்டு என்ற ஊர் இருக்கிறது. 1857 முதல் 1966 வரை ஆறு நடுக்கங்கள், சராசரியாக 22 ஆண்டுக்கு ஒன்று. அடுத்தது 1993-க்குள் என்று சொல்லி, சுற்றிலும் கருவிகளை நட்டுக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28-இல். அத்தனை கருவிகளிலும் தெளிவான முன்னறிகுறி ஒன்றுகூடப் பதியவில்லை. இதைத் தோல்வி என்று சிரிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. தேதி குறித்துச் சொல்லி, தவறியதையும் தாங்களே எழுதி வைத்தார்கள். உங்கள் கிரகக்காரரிடம் அந்தக் குறிப்பேட்டைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பிளவு ஓடும் ஹேவர்ட் நகரில் ஒரு தெருமுனை நடைபாதை விளிம்புக்கல் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டராக விலகி, பிளவுக்குச் சாட்சியாக நின்றது. நிலவியலாளர்கள் அதைப் பல்லாண்டுகளாகப் படம் எடுத்துவந்தார்கள். 2016-இல் நகராட்சி ஆட்கள் நல்ல எண்ணத்தோடு அதைப் பெயர்த்துவிட்டு, சக்கர நாற்காலிக்குச் சரிவு கட்டிவிட்டார்கள். படித்தபோது சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. மேலே இப்படி ஊர்ந்தாலும் ஆழத்தில் பிளவின் பெரும்பகுதி பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. கடைசியாக அது பெரிதாகக் குதித்தது 1868 அக்டோபர் 21-இல்.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா. பிளவு வீட்டுக்கு அடியிலேயே ஓடினால் வேண்டாம். தள்ளியிருந்தால், மரச்சட்டத்தை அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டுப் பிணைத்திருக்கிறார்களா என்று விஷயம் தெரிந்த ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஹீட்டரைச் சுவரோடு பட்டை போட்டுக் கட்டுங்கள். புத்தக அலமாரியைக் குழந்தையின் கட்டிலுக்குத் தலைமாட்டில் வைக்காதீர்கள்.